பின்பாரம்

மகன் கேட்டது காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் வீட்டுவண்டியை, கரவனை மட்டும். அம்மாவை அவன் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் நான் அதை விளங்கிக்கொண்டும் விளங்காத மாதிரி இருந்ததுதான்.

அவன் நோர்வேயின் வடகோடியில், ஒரு சிறிய மீன்பிடி ஊரில், சால்மன் வளர்க்கும் பண்ணையில் வேலை செய்கிறான். தொழிலாளர் தங்கும் கட்டடத்தைத் திருத்துவதற்காக மூடப்போகிறார்களாம். ஊரில் வாடகைக்கு ஓர் அறைகூட இல்லையாம். களஞ்சியத்தின் பக்கத்தில் ஒரு கரவன் நிறுத்த இடமும் மின்சாரமும் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். இதையெல்லாம் தகப்பனுக்குத்தான் தொலைபேசியில் சொன்னான். என் கணவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். ஒஸ்லோவில் எங்கள் மோர்டென்ஸ்ருட் வீட்டுக் குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன்.

“அப்பா, கொண்டுவந்து விட்டிட்டு ஒரு இரவு நிண்டிட்டுப் போங்கோ. அம்மா வந்து நிக்கிறது எண்டால் வேண்டாம். அம்மா நிண்டால் நான் இந்த இடத்தையும் விட்டிட்டுப் போயிடுவன். எங்கை எண்டும் சொல்லமாட்டன்.”

“ஓம் அப்பன். ஒரு இரவுதான். நான் சொல்லுறன்,” என்றார் இவர்.

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கோபம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவன் பஸ் நேரம் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னான்.

அவனுக்கு வருத்தம் தொடங்கியது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். போவதை நிறுத்தி, ஒன்றரை வருடம் அறைக்குள் கிடந்தான். பகலும் தெரியாது, இரவும் தெரியாது. வைத்தியர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லி மருந்தும் எழுதிக் கொடுத்தார். நான் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தேன். கோயிலில், கடையில், குரோருட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில், கேட்ட எல்லோரிடமும் மகன் வீட்டிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறான் என்றேன். பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. சுகம் வந்ததும் எழுதத்தானே போகிறான், கொஞ்சம் முந்திச் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு கலியாண வீட்டில் பெரியவர் ஒருவர் அவன் முதுகில் தட்டி, கட்டுரையின் தலைப்பு என்ன தம்பி என்று கேட்டார். நான் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றேன். மகன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு கடல்நீரின் வெப்பத்தைப் பற்றி ஏதோ ஒரு தலைப்பைச் சொன்னான். நல்ல தலைப்பு. பெரியவர் மெச்சிக்கொண்டு போனார். அடுத்த கிழமை இவன் ஒரு தோள்பையோடு விமானம் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக மாதத்தில் ஒருமுறை தகப்பனோடு கதைப்பான். என்னோடு கதைத்தால், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், குளிர்தான் என்று மூன்று வசனம் சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுங்கோ என்பான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு கரவனைக் கொடுத்துவிட்டு, ஒரு இரவு நின்றுவிட்டு வா என்றால் எந்தத் தாய் வருவாள்? நான் வருவதாக இல்லை. ஈஸ்டர் வரைக்கும் அவனோடு நிற்பதென்று எனக்குள் முடிவெடுத்தேன். அங்கே போய், கண்ணால் கண்டு, இரண்டு நாள் என் கையால் சாப்பிட்டால் அவன் மனம் மாறும் என்று நினைத்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சம்பளமில்லாத விடுமுறை கேட்டு, கடிதமும் வாங்கினேன். இவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரவனை ஹவுகெட்டோவில் ஓர் ஓய்வுபெற்ற நோர்வீஜியச் சோடியிடம் வாங்கினோம். கோடையில் அதை இழுத்துக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போய்வந்தவர்கள். தை மாதக் கடைசியில் அதை வடக்கே கொண்டுபோகப் போகிறோம் என்றதும் கிழவர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போய் நடுவிலிருந்த ஒரு சிறிய கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கக்கூசு. அதற்கு நேர் கீழேதான் சில்லுகளின் அச்சு இருக்கிறது, பாரமான சாமான் எல்லாவற்றையும் இதற்குள்ளும் இதைச் சுற்றியும் தரையோடு வையுங்கள், பின்பக்கம் ஏற்றினால் வண்டி ஆடத் தொடங்கும், ஆடத் தொடங்கினால் காரையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார்.

என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். ட்ரெயிலர் இழுக்கும் உரிமமும் வைத்திருக்கிறார். கிழவர் சொன்னதை அவர் தலையாட்டிக் கேட்டார். நான் கேட்டது கக்கூசு என்ற ஒரு சொல்லைத்தான்.

“கக்கூசுக்குள்ளை அரிசியோ? உங்களுக்கென்ன விசரே?” என்று வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன். “ஆரோ வெள்ளைக்காரர் இருந்தெழும்பின இடம். அதுக்குள்ளை பிள்ளை தின்னிற அரிசியை வைக்கிறதோ?”

தண்ணீர் முழுவதையும் இறக்கியாயிற்று, வைத்திருந்தால் உறைந்து குழாய் வெடித்துவிடும், அதனால் இந்தப் பயணத்தில் ஒருவரும் அதைப் பாவிக்கப் போவதில்லை, அது இப்போது வெறும் அலுமாரி மாதிரித்தான் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் மசியவில்லை. கடைசியில் களைத்துப்போய், “அப்ப முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியாய் வையும்,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

நான்தான் ஏற்றினேன். கரவனின் முன்பக்க இருக்கைக்கு மேலே சுவாமிப் படத்தை ஒட்டியிருந்தேன். சுவாமிக்குக் கீழே கருவாடும் மீன் டின்னும் வைக்க மனம் வரவில்லை. நடுவில் கக்கூசு. மிச்சம் இருந்தது பின்பக்கக் கட்டிலின் கீழ்ப் பெட்டி ஒன்றுதான். இருபது கிலோ அரிசி மூட்டை மூன்று, புட்டு மா, இடியப்ப மா, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் டின், பருப்பு. வெளிக்குளிரே குளிர்சாதனப் பெட்டி என்பதால் பத்து நாள் நின்று சமைத்து ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டு, கோழி, இறால், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டிய கறிகள். எல்லாவற்றுக்கும் அடியில், நாங்கள் ஊருக்குப் போகும்போது கொண்டுபோகும் பெரிய சிவப்புச் சூட்கேஸ். அதற்குள் என் உடுப்பு, மூன்று மாதத்துக்கான பிறஷர் மருந்துக் குளிசை, விடுமுறைக் கடிதம். மேலே பலகையைப் போட்டு மெத்தையை விரித்துவிட்டேன்.

வெளிக்கிடும் காலையில் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். பல்கனியில் கிடந்து கல்லாகிப்போயிருந்த பழங்கள். கார் ஏறியதும் நசியாமல் உருண்டு பனிக்குள் போய்விட்டன. இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் மலையைக் கடந்து துரொண்ட்ஹெய்ம், இரண்டாம் நாள் மூ-இ-ரானா. லொறிகள் நிற்கும் இடங்களில் நிறுத்தி, எரிவாயு ஹீட்டரைப் போட்டு, இரண்டு போர்வைக்குள் படுத்தோம். வெளியே சைபருக்கு இருபது பாகை கீழே. காலையில் ஜன்னலின் உட்பக்கத்தில் எங்கள் மூச்சு உறைந்து போயிருக்கும், இவர் வங்கி அட்டையால் அதைச் சுரண்டுவார். கார் எழுபதுக்கு மேல் போகவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் பின்னால் யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதுபோல ஒரு சின்ன இழுவை வந்தது. “காத்து,” என்றார் இவர். எனக்குத் தெரியும் அவர் அதை நம்பவில்லை என்று. கட்டிலின் கீழே திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டிருப்பார். என்னோடு மறுபடி சண்டை பிடிக்கப் பஞ்சிப்பட்டுப் பார்க்காமல் விட்டார்.

மூன்றாம் நாள் சால்ட்ஃபெல்லெட். மரம்கூட இல்லாத ஒரு மலைவெளி. புயல் நாட்களில் அந்தப் பாதையைப் பூட்டிவிடுவார்கள். பனி தள்ளும் பெரிய வண்டி ஒன்று முன்னால் போக, காத்து நின்ற வாகனங்கள் அதன் பின்னால் வரிசையாகப் போகவேண்டும். நாங்கள் போனபோது பாதையை மறிக்கும் கேற் மூடியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். பிறகு பனி தள்ளும் வண்டியின் சாரதி ஒவ்வொரு வாகனமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெண், என் வயது இருக்கும், செம்மஞ்சள் உடுப்பு. எங்கள் கரவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். வெறும் கரவன் என்றால் இந்தக் காற்றுக்கு விடமாட்டேன் என்றார். வெறுமை இல்லை, சாமான் இருக்கிறது என்றார் இவர். பாரம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார்.

“முன்னாலும் பின்னாலும் சமமாக,” என்று நோர்வீஜிய மொழியில் சொல்லிவிட்டு இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். ஆட்டியதோடு நிற்காமல், ஆம் ஆம், சமமாகத்தான் என்று என் வாயாலும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என்ன நினைத்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பெட்டியைத் திறந்தால் சூட்கேஸ் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மேலே போகும்போது பயப்பட எதுவும் இல்லை. முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்தோம். மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் வரிசை கலைந்தது. காற்று குறைந்திருந்தது. வரிசையின் கடைசியில் நாங்கள். இவர் கொஞ்சம் வேகம் எடுத்தார். ஓர் இறக்கத்தில் பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. பக்கக் கண்ணாடியில் கரவன் இடது பக்கம் தெரிந்தது. பிறகு வலது பக்கம் தெரிந்தது. பிறகு இன்னும் கூடுதலாக இடது பக்கம். இவர் பிரேக் போடவில்லை, காலை மட்டும் எடுத்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கரவன் எங்களைப் பின்னால் பிடித்துத் திருப்பியது. ரோட்டைப் பார்த்திருந்த கார், பள்ளத்தைப் பார்த்தது, பிறகு நாங்கள் வந்த திசையைப் பார்த்தது. நான் முருகா என்று கத்தியதாக அவர் பிறகு சொன்னார். பனியை ஒதுக்கிக் குவித்திருந்த வரம்பில் போய்ச் செருகி நின்றோம். அந்த வரம்பு இல்லாவிட்டால் கீழே போயிருப்போம். கண்ணாடி துடைக்கும் தடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அடி கிடி பட்டதோ?” என்றார்.

“இல்லை.”

“அப்ப இரும்.” அவசர விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் பனி தள்ளும் வண்டி திரும்பி வந்தது. அடுத்த வரிசையைக் கூட்டிவர மலைக்கு மறுபடி ஏறிக்கொண்டிருந்த அதே பெண். வண்டியை எங்களுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தி, மேலே மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டார். கயிறு கட்டிக் கரவனை வரம்பிலிருந்து நேராக்கினார். பிறகு கரவனைக் காரிலிருந்து கழற்றச் சொன்னார். கழற்றியதும், காரில் கொழுவும் அந்த முன் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். இரண்டு ஆம்பிளைகள் தூக்கவே கஷ்டப்பட வேண்டியது, முட்டை பொரிக்கும் தாச்சியைத் தூக்குவதுபோல வந்தது. அவர் இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பின்னால் இருப்பதை எல்லாம் இங்கேயே இறக்குங்கள், அச்சுக்கு மேலே அடுக்குங்கள், அதற்குப் பிறகுதான் இந்த வண்டி உருளலாம் என்றார்.

“பின்பாரம்,” என்றார் இவர் எனக்கு.

மெத்தையைத் தூக்கினோம். அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பனியில் இறக்கினோம். ஐஸ்கிரீம் பெட்டிகளை ரோட்டோரத்தில் அடுக்கினேன். என் கையெழுத்தில் கோழி, கோழி, இறால். கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்தது. உள்ளே போய்ச் சூட்கேஸை நானே இழுக்க வேண்டும், இவர் காணுமுன் எங்காவது தள்ள வேண்டும் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். இவர் எனக்கு முந்திவிட்டார்.

“இதென்னத்துக்கு?”

அவர் கீழே வைத்துத் திறந்தார். என் சட்டைகளைப் பார்த்தார். குளிசைப் பெட்டியைத் திறந்து மூடினார். கடிதத்தை எடுத்து அந்தச் சுழலும் மஞ்சள் வெளிச்சத்தில், வெளிச்சம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“ஈஸ்டர் மட்டும் எண்டு கிடக்கு,” என்றார்.

“அவன் தனியக் கிடந்து என்னத்தைத் தின்னிறானோ…”

“நான் அவனுக்கு ஓம் எண்டு சொன்னனான். நீர் பக்கத்திலை நிண்டனீர்.”

“நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் சொல்லேல்லை.”

இப்படித்தான் சொன்னேன். சாவிலிருந்து தப்பி அரை மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு கதை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கத்தவில்லை. “அவன் போயிடுவான். நம்பரை மாத்தினால் முடிஞ்சுது. பிறகு ஆரிட்டைப் போய், எங்கை என்ரை பிள்ளை எண்டு கேப்பீர்?”

“நாங்கள் ஒருத்தரும் பக்கத்திலை இல்லாமல் அவன் ஏதும் செய்துகொண்டால்?” என்றேன்.

எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத கதை அது. ஒன்றரை வருடம் அவன் அறைக் கதவுக்கு வெளியே நான் காதை வைத்து மூச்சுச் சத்தம் கேட்ட நாட்களிலும் சொல்லவில்லை. இவர் அரிசி மூட்டை ஒன்றின்மேல் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு இல்லையே அந்தப் பயம்? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பஸ் ஸ்ரொப்பிலையும் அதைத்தான் யோசிக்கிறன். அதாலைதான் அவன் என்ன கேக்கிறானோ அதைக் கேட்டபடி குடுக்கிறன். கரவன் கேட்டவன், கரவன். ஒரு இரவு எண்டவன், ஒரு இரவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு வேறை என்ன தெரியும்?”

பனி வண்டிப் பெண்ணுக்கு எங்கள் மொழி விளங்கியிருக்காது. ஆனாலும் மறுபக்கம் போய் விளக்கிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு வந்து, ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி, உள்ளே போய்க் கக்கூசுக் கதவைக் காலால் திறந்து, தரையில் வைத்தார். எனக்கு உடம்பு கூசியது. இரண்டாவது மூட்டையை நான் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். அவ்வளவு சாமானும் அதற்குள்ளும் அதன் வாசலிலும் அடங்கியது. சூட்கேஸை இவர் காரின் பின்சீற்றில் கொண்டுபோய் வைத்தார்.

அதற்குப் பிறகு கரவன் ஒரு இடத்திலும் ஆடவில்லை. கப்பலில் ஏறி இறங்கி, நார்விக்கைத் தாண்டி, இன்னும் இரண்டு நாள். நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும் கதைத்தோம். சாப்பிடுவமோ, பெற்றோல் அடிப்பமோ, அவ்வளவுதான். கண்ணாடியில் நிமிர்ந்து பார்க்கும் போதெல்லாம் பின்சீற்றில் அந்தச் சிவப்புச் சூட்கேஸ் மூன்றாம் ஆள் மாதிரி இருந்தது. ஆல்ட்டாவில் பெற்றோல் அடித்துவிட்டு இவர் உடனே வண்டியை எடுக்கவில்லை.

“உம்மை நான் பிளேன் ஏத்தி அனுப்பவும் மாட்டன், அங்கை விட்டிட்டு வரவும் மாட்டன். இது நீர் அவனுக்குச் சொல்லவேண்டிய விசயம். நான் ஒண்டும் கதைக்க மாட்டன்,” என்றார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். வெளிச்சம் என்று சொல்ல முடியாத நீல வெளிச்சம். பத்துப் பதினைந்து வீடு, ஒரு படகுத்துறை, ஒரு பெரிய களஞ்சியம். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் பனியை வழித்துவிட்டு அவன் நின்றான். தாடி வைத்திருந்தான். மெலிந்திருப்பான் என்று நான் எதிர்பார்த்தேன், இல்லை, தோள் அகன்றிருந்தது. கட்டிப்பிடிக்க ஓடினேன். பிடிக்க விட்டான். உப்புத் தண்ணீரில் வெடித்திருந்த கையால் என் முதுகை இரண்டுதரம் தட்டினான்.

தகப்பன் பின்னுக்கு எடுக்க, அவன் கைகாட்டி அங்குலம் அங்குலமாக நிறுத்துவித்தான். காரைச் சுற்றி வந்தபோது ஜன்னலுக்குள்ளால் சூட்கேஸைக் கண்டான். கரவனின் கால்களை இறக்கினான், மின்கம்பி இழுத்துக் கொழுவினான், எரிவாயுப் போத்தலைப் பார்த்தான். எல்லாம் முடித்துவிட்டு உள்ளே ஏறி, நடுக்கதவைத் திறந்தான்.

“அம்மா! கக்கூசுக்குள்ளை அரிசியோ? நீங்களோ வைச்சது?”

சிரித்தான். வாய் விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம். நானும் சிரித்தேன், இவரும் சிரித்தார், சிரித்தபடியே மலையில் நடந்ததைச் சொன்னார். மகனின் சிரிப்பு நின்றது. நான் சூடாக்கி வைத்த கோழிக் கறியையும் சோற்றையும் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவன் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான். இவன் மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

“அந்தச் சூட்கேஸ் ஆற்றை?” என்று தட்டை வைத்துவிட்டுக் கேட்டான்.

இவர் எழும்பி வெளியே போனார்.

“என்ரைதான். ஈஸ்டர் மட்டும் நிக்கலாம் எண்டு வந்தனான். உனக்குக் கரைச்சல் தரமாட்டன் அப்பன். சமைச்சுப்போட்டு ஒரு மூலையிலை இருப்பன். நீ கதைக்கக்கூடத் தேவையில்லை.”

அவன் மூன்று தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

“நீங்கள் நிண்டால் நான் காலமை எழும்ப வேணும். சாப்பிட வேணும். சிரிக்க வேணும். இப்ப சிரிச்ச மாதிரி. நல்லாய் இருக்கிறன் எண்டு உங்களுக்குக் காட்ட வேணும். அதுக்கே என்ரை பலம் எல்லாம் போயிடும் அம்மா. இஞ்சை நான் ஆருக்கும் ஒண்டும் காட்டத் தேவையில்லை. ஏலாத நாளிலை ஏலாது எண்டு சொல்லிப்போட்டுக் கிடக்கலாம். அப்பிடிக் கிடக்க ஒரு இடம் இருக்கிறதாலைதான் மற்ற நாளிலை எழும்புறன்.”

“அண்டைக்குக் கலியாண வீட்டிலை நான் அப்பிடிப் பேசாமல் நிண்டது பிழைதான்.”

“அது ஒரு நாள் கதை இல்லை அம்மா. அந்த ஒண்டரை வருசமும் அதுதான். ஆக்கள் வந்தால் நீங்கள் வந்து என்ரை மேசையிலை புத்தகத்தைத் திறந்து வைச்சிட்டுப் போவீங்கள்.”

அப்படிச் செய்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அவன் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. தடித்த நீல அட்டைப் புத்தகம். எந்தப் பக்கத்தில் திறந்து வைக்கிறேன் என்றுகூட நான் பார்த்ததில்லை.

அன்று இரவு முதலாளி வீட்டின் மேல் அறையில் எங்களைப் படுக்க வைத்தார்கள். விடிந்ததும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று இறங்கி வந்தோம். மற்ற வேலையாட்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகனைக் காணவில்லை. முதலாளி கயிறு சுற்றிக்கொண்டு நின்றார். அவன் இன்று வரமுடியாது என்று காலையில் சொல்லி அனுப்பினான் என்றார். அதைப் பெரிதாக எடுக்காமல், இன்று அலை பெரிது என்பதுபோலச் சொன்னார்.

கரவன் இருபதடி தூரத்தில் நின்றது. திரைகள் மூடியிருந்தன. நான் போனேன். கதவுக்கு முன்னால் நின்றேன். ஹீட்டரின் சத்தம் கேட்டது, வேறொன்றும் இல்லை. உள்ளே அவன் கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கிடப்பான், எனக்குத் தெரியும். நேற்று எனக்காகச் சிரித்துச் சாப்பிட்ட களைப்பு. கையைத் தூக்கினேன். ஒரு தட்டுத் தட்டினால் எழும்பி வந்து கதவைத் திறப்பான். திறந்து, ஒன்றுமில்லை அம்மா, சும்மா படுத்தனான் என்பான். முகத்தையும் சரிபண்ணிக்கொண்டு வருவான்.

தட்டவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். கார்க்கதவைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. இவர் வண்டியை எடுத்தார். பின்னால் இழுக்க ஒன்றும் இல்லாததால் கார் சுகமாக ஓடியது. எனக்கு அந்தச் சுகம் பிடிக்கவில்லை.

நான் செய்தது சரியோ என்று எனக்கு இன்னும் தெரியாது. முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் மனிதரைத் தட்டி எழுப்புவது என் வேலை. சொந்தப் பிள்ளையின் கதவைத் தட்டாமல் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வந்திருக்கிறேன். வந்த முதல் கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. இவரோடு இரண்டு தரம் சண்டை பிடித்தேன், பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன்.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் கதைக்கிறேன் என்று சொல்லியிருந்த நாள். மத்தியானம் என் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது, தகப்பனுக்கு அல்ல, எனக்கு.

“அம்மா, இண்டைக்கு ஏலாது.”

குளிசை போட்டாயோ என்று எழுதினேன். அழித்தேன். என்ன செய்யுது, அம்மா வரட்டோ என்று எழுதினேன். அழித்தேன். அந்த அரிசி முடிஞ்சுதோ என்றும் எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் “சரி அப்பன்” என்று மட்டும் அனுப்பினேன். அந்த இரண்டு சொல்லை அனுப்ப எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது.